சென்னை மாநகரும் திருவள்ளூர் ஏரிகளும்

சென்னை மாநகரில் வாழும் நம் சங்கத்தாருட் பலர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் முதலிய ஊர்ப்புறங்களினின்று தொழில் நோக்கியும் கல்வி நோக்கியும் இரண்டொரு தலைமுறைக்கு முன்னர்க் குடியேறியவராவர். அவர்தம் இல்லங்களிற் குழாயைத் திருகியவுடன் வரும் நீர் எவ்விடத்து நீர் என்று அவர்தம் பிள்ளைகளை வினவினால், செங்குன்றத்து நீர் என்று சிலர் விடை கூறுவர். பலர் அதனையும் அறியார். செங்குன்றத்து ஏரிக்கு அந்நீர் எங்ஙனம் வந்து சேர்கின்றது, அது வரும் வழியிலுள்ள ஊர்கள் யாவை, அவ்வூர்கள் அதன்பொருட்டு இழந்தன யாவை என்பவற்றை எடுத்துரைப்பாரும் அரியர். இவை நம் முன்னோர் வாழ்ந்த ஊர்களின் சரித்திரமாகலின், அவற்றை இவ்விதழிற் சுருங்க எழுதப் புகுந்தோம்.

தொண்டைமண்டலத்தைப் பழையோர் 24 கோட்டங்களாகப் பகுத்து வழங்கினர். அவற்றுட் புழற்கோட்டம், ஈக்காட்டுக் கோட்டம் என்பனவற்றின் தலையூர்கள் இக்காலத்தே புழல் என்றும் ஈக்காடு என்றும் அப்பெயர் மாறாமலே நிற்கின்றன. இந்நாட்டிற் காவிரி போலும் பேராறு இல்லை. கொசத்தலையாறு, ஆரணியாறு, கூவம் என்னும் மூன்றும் மழை பெய்தால் ஓடி, மழை நின்றால் மணலாய்க் கிடப்பன. கொசத்தலையாறு எண்ணூரிற் கடலொடு கலக்கும். ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியே பழவேற்காட்டு ஏரியை அடையும். கூவமோ கேசவரம் அணைக்கட்டில் கொசத்தலையினின்றும் பிரிந்து வருவது. நகரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இக்கூவத்திற்குப் பெயர் தந்த ஊர், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருவிற்கோலம் என்பதை ஈண்டு நினைவூட்டுதல் தகும். மழை மிகுங்காலத்து அத்தலத்து இறைவன் திருமேனி வெண்ணிறங் காட்டுமென்றும், போர் வருங்காலத்துச் செந்நிறங் காட்டுமென்றும் கூறுவது மரபு. வானத்தை நோக்கியே வாழ்ந்த நாட்டில் இத்தகைய மரபு தோன்றியதில் வியப்பொன்றுமில்லை.

இந்நாட்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களிற் சில நாட்களுக்குள்ளே பெய்து ஓய்ந்துவிடும். அந்நீரைத் தடுத்து நிறுத்தாவிடின் இரண்டு நாளிற் கடல் சேரும். பின்னர்ப் பத்துத் திங்கள் வெயிலே. ஆதலின் நம் முன்னோர் நிலம் சரியும் போக்கை உணர்ந்து, சரிவின் குறுக்கே பிறைபோற் கரையெழுப்பி ஏரிகளை அமைத்தனர். மேலை ஏரி நிறைந்து கலங்கலின் வழியே வழியும் நீர், கீழை ஏரிக்கு வரத்து நீராகும். கீழை ஏரியின் மிச்சம் அதற்கும் கீழுள்ள ஏரிக்குச் செல்லும். இங்ஙனம் ஓரூர் ஏரி மற்றோரூர் ஏரியொடு சங்கிலிபோற் பிணைந்து கிடந்தது. மேலூரார் தம் கலங்கலைக் கைப்பிடி உயர்த்தினாலும் கீழூரார் வயல் காயும். மேலூர்க் கரை உடைந்தாற் கீழூர்க் கரையும் உடையும். ஆகவே ஏரி காத்தல் என்பது ஓரூரார் காரியமாக என்றும் இருந்ததில்லை.

இதனைக் காத்த முறையையும் சிறிது கூறுவாம். முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் பொறித்த கல்வெட்டுக்களில் ஏரி வாரியம் என்னும் குழு தனியே குறிக்கப்பெற்றிருத்தலை அன்பர் பலரும் கேட்டிருப்பர். அதற்கு ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்குப் பிற்பட்ட சான்று ஒன்று உண்டு. அதனைப் பலர் அறியார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் இஞ்சினீயர், அந்நாளில் 'ஜாகீர்' என வழங்கிய செங்கற்பட்டுச் சீமையை, கும்பினியாருக்காக ஏறத்தாழ 2,000 ஊர்களையும் ஊர் ஊராக அளந்து கணக்கெழுதினார். திருவள்ளூர், பொன்னேரிப் பகுதிகளும் அவற்றுள் அடங்கும். அக்கணக்குக்களைப் பார்த்தால், களத்தில் நெல்லை அளக்கும்பொழுது, கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் பகுதி எடுத்தது போலவே, ஏரியைக் காப்பதற்கும் ஒரு பகுதி எடுத்து வைத்தமை புலனாகும். ஏரியும் ஊரார்களுள் ஒருவராய்க் களத்தில் வந்து நின்று தன் பங்கைப் பெற்றது எனலாம். அப்பங்கினாலே கரைக்கு மண் இடப்பட்டது, மதகு செப்பனிடப்பட்டது, நீர்க்கட்டி தன் கூலியைப் பெற்றான்.

கும்பினியார் ஆட்சி நிலைத்தபின் ஊரார் எடுத்து வைத்த அப்பகுதிகள் நாளடைவிற் சுருங்கின. வரி கருவூலத்திற்குச் சென்றது. ஏரியைக் காக்கும் கடமை மட்டும் ஊரிலே நின்றது. பொருளின்றிக் கடமை எங்ஙனம் நடக்கும்? நடவாதது கண்ட துரைத்தனத்தார் 1858-ஆம் ஆண்டின் முதற்சட்டத்தால், ஏரிக்கரை உடையுங்கால் ஊரார் கட்டாயமாக உழைத்தல் வேண்டுமென விதித்தனர். குடிமராமத்து என்று நாம் பெருமையொடு கூறும் வழக்கம் சட்டப்புத்தகத்திற் கட்டாய உழைப்பு என்னும் பெயரொடு நுழைந்தது இங்ஙனமே.

ஈண்டு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஏரியை வெட்டியவரும், நள்ளிரவிற் கரையுடைப்பில் மண்மூட்டை சுமந்தவரும், நீர் பாய்ச்சியவரும் ஆகியோருட் பெரும்பாலோர், அவ்வூர்ப் பொதுக்கிணற்றில் நீர் முகக்க உரிமை பெறாதவராய் இருந்தனர். பொதுவழி, கிணறு, குளம் ஆகியவை எல்லா வகுப்பாருக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டிற் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்தவர் செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பழைய ஏரி முறையைப் புகழ்ந்து எழுதுவோர் இதனையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். நம்மனோர் சங்கங்களிலே இதனைப் படிப்பது சிலர்க்குக் கசப்பாயிருப்பினும் இருக்க.

இனி நகரத்திற்கு வருவாம். கோட்டையிலிருந்த கும்பினியாருக்கு நல்ல நீர் வேண்டி 1772-இல் ஏழுகிணறு வேலை தொடங்கிற்று. பிற்காலத்தில் இராமலிங்க அடிகள் வாழ்ந்த பகுதி என்பதால் அப்பெயரை அன்பர்கள் அறிவர். நகரத்துப் பொதுமக்களுக்கோ, வீட்டுக் கிணறும் கோயிற்குளமும் தெருவோரத்து ஏரியுமே துணையாயிருந்தன. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் சென்னை மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். இத்துணை மக்களுக்குக் கிணற்று நீர் போதாமையின், 1866-இல் ஃபிரேசர் என்னும் இஞ்சினீயர் வகுத்த திட்டப்படி, கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு எழுந்தது. அங்கிருந்து கால்வாய் வழியே நீர் சோழவரம் ஏரிக்கும், சோழவரத்தினின்று செங்குன்றத்து ஏரிக்கும் வந்தது. 1872-இல் திறந்த மண்வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் சேர்ந்து, இரும்புக் குழாய்களில் தெருத்தோறும் பரவிற்று. வடிகட்டாத நீரே அது. வடிகட்டும் மணற்படுகைகளும் மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்தின் மேனிலைத் தொட்டியும் 1914-இல் அமைந்தன.

உழவுக்கென ஊரார் காத்துவந்த சோழவரம் ஏரியும் புழலேரியும் அவ்வாண்டுகளில் நகரத்தின் குடிநீர்க்கெனத் திசை திரும்பின. இதனைத் தவறென்று யாம் கூறேம். குடிநீர்க்கு முதலிடம் தருதல் எந்நாட்டினும் முறையே. ஆயினும் கொடுத்தவர் யாவர் என்பதைப் பெற்றவர் மறந்த கதை அன்று தொடங்கிற்று.

அதற்கடுத்து நிகழ்ந்தது பூண்டி நீர்த்தேக்கம். 1939-இற் சென்னை நகரசபையின் மேயரான தீரர் சத்தியமூர்த்தி, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தம் முதற் கவலையாகக் கொண்டார். ஐரோப்பியப் போர் தொடங்கிவிட்ட காலம். பணமும் இரும்பும் கிடைத்தல் அரிது. அங்ஙனமிருந்தும் துரைத்தனத்தாரொடு வாதாடி, 1940-இல் அடிக்கல் நாட்டச் செய்தார். நாவன்மையாற் சட்டசபைகளைக் கலக்கியவர் என்றே அவரைப் பலர் நினைவுகூர்வர். எம் கருத்தில் அவர் செய்த பேருபகாரம் பூண்டியே. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறைப்பட்டு நோயுற்ற அவர், 1943 மார்ச்சு 28-இற் காலமானார். நீர்த்தேக்கம் முடிவுற்றது 1944-இல். செலவு ஏறத்தாழ 65 லட்ச ரூபாய். பின்னர் அஃது அவர் பெயராற் சத்தியமூர்த்தி சாகரம் எனலாயிற்று. இன்று அதன் கொள்ளளவு ஏறத்தாழ 323 கோடி கன அடி.

அந்நீருக்கடியில் ஒரு திருத்தலம் இருந்தது. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குக் கூறிய சூளுரை தவறிக் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், வழி தெரியாது வருந்தி வந்தபொழுது, இறைவன் ஊன்றுகோல் ஒன்று ஈந்தருளியதாகப் பெரியபுராணம் கூறும் திருவெண்பாக்கமே அது. பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் சுவாமிகள் பெற்றார். திருவெண்பாக்கத்திற் கிடைத்தது கோல் ஒன்றே. நீர்த்தேக்கம் எழுந்தபொழுது அக்கோயில் இடம்பெயர நேர்ந்தது. பூண்டியிற் புதுக்கோயில் கட்டி, ஊன்றீசுவரருக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1968-இல். நகரத்தார் பருகும் நீரின்பொருட்டுப் பாடல் பெற்ற தலம் ஒன்றே தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தது என்றால், பெயரறியா எளிய குடிகளின் வீடும் வயலும் களமும் என்னாயின என்பதை அன்பர்களே உய்த்துணர்க.

நிலத்தின் மேலுள்ள நீர் போதாதபொழுது நகரம் நிலத்தினடியிற் கைவைத்தது. 1960-களின் இறுதியில், ஐக்கிய நாட்டுச் சபையின் உதவியொடு, ஆரணியாறும் கொசத்தலையாறும் பாயும் படுகைகள் ஆராயப்பட்டன. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் மணலினடியிலே மிகுதியான நன்னீர் கண்டனர். ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. நீர் நகரத்திற்கும் வடபகுதித் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. உழவரும் அதே நீரைத் தம் பயிருக்கு இறைத்தனர்.

இதன் விளைவை விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இது கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்தது. கடலோர நிலத்தினடியில் ஒருபுறம் மழைநீரும் ஒருபுறம் கடல்நீரும் மணலிடையே எதிரெதிர் நிற்கின்றன. மழைநீர் மேலோங்கி நிற்குமளவும் அதன் அழுத்தத்தாற் கடல்நீர் உள்ளே வாராது. பெய்யும் மழை ஊறுவதினும் மிகுதியாக இறைத்துவிட்டால் நன்னீர் தாழும்; தாழ்ந்த இடத்தை நிரப்பக் கடல் உள்ளே புகும். மீஞ்சூர்ப் பகுதியிற் புகுந்தது அவ்வாறே. தென்னையும் நெல்லும் விளைந்த ஊர்களின் கிணறுகள் உவர்த்தன. ஆற்று மணலை அள்ளியதும் இக்கேட்டை மிகுவித்தது. மணலன்றோ மழைநீரை உறிஞ்சி வைக்கும் களஞ்சியம்! மேலேயுள்ள ஏரி வற்றினால் ஒரு மழையில் நிரம்பும். அடியிலுள்ள நீர் உவர்த்துவிட்டால், அதனைக் கழுவி வெளியேற்றப் பல மழைக்காலங்கள் வேண்டும். 1987-இற் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றினர். அது வந்தபொழுது மீஞ்சூரார் கிணறுகளிற் பல முன்னமே உவர்த்திருந்தன.

அப்பாலும் பஞ்ச ஆண்டுகளில், திருவள்ளூர்ப் பகுதி உழவர்களின் வயற்கிணறுகளிலிருந்து நகரத்திற்கு விலைக்கு நீர் வாங்கும் வழக்கம் உண்டாயிற்று. நெல்லினும் நீர் கூடுதல் ஊதியம் தந்தமையின் சிலர் பயிரைக் கைவிட்டனர். கிணறுடையோர்க்குப் பணம்; கிணறில்லாக் கூலியாட்களுக்கு வேலையுமில்லை, நீருமில்லை. இது பற்றி ஊர்களிற் பூசல்கள் எழுந்தமை இயல்பே.

பிற திட்டங்களை விரைந்து கூறிச் செல்வாம். 1983-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி கிருஷ்ணா நதிநீர் கண்டலேறு அணையினின்று கால்வாய் வழியே 1996 செப்டம்பரில் முதன்முதல் ஊத்துக்கோட்டை எல்லையை எட்டிற்று. ஆண்டுதோறும் 1,200 கோடி கன அடி தருவதென்பது ஏற்பாடு. அஃது ஆண்டுதோறும் நிறைவேறியதில்லை. 2004-இல் வீராணத்து நீர் குழாய் வழியே வந்தது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவினதாய்த் திறக்கப்பட்டது. எந்நிலத்தினடியிற் கடல் புகுந்து நன்னீரைக் கெடுத்ததோ, அந்நிலத்தின் கரையிலேயே கடலைக் காய்ச்சாது வடித்து நன்னீராக்கும் நிலைமை வாய்த்தது காலத்தின் விநோதமே.

இவையெல்லாம் இருந்தும் என்னாயிற்று? 2015 டிசம்பரிற் பெய்த மழையால் நகரம் வெள்ளத்தில் மூழ்கிற்று. நான்கே ஆண்டு கழித்து 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கும் வறண்டு, அவ்வாண்டு ஜூலையிற் சோலையார்பேட்டையினின்று இருப்புப்பாதை வழியே நீர் கொணரும் நிலை வந்தது. மழை பொய்த்தது மட்டுமே காரணமாயின் வெள்ளத்திற்குக் காரணம் யாது? வரத்துக்கால் அடைபட்டதும், கலங்கல் நீர் போகும் வழியில் மனைகள் எழுந்ததும், இரண்டு கேட்டிற்கும் பொதுக் காரணமாம்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. சிப்காட் நிறுவனத்தார் அமைத்த தொழிற்பேட்டையால் அவ்வூர் இரும்பு வேலைக்குப் பேர்பெற்றது. நம் இளைஞர் பலர்க்கு அங்கே பிழைப்பும் கிடைத்தது. இரும்பைக் காய்ச்சுவோர்க்கு அதனைக் குளிர்விக்க நீர் வேண்டும். பின்னர்த் தேர்வாய் கண்டிகையில் மற்றொரு தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் புகுந்தபொழுது, அது தம் மேய்ச்சல் நிலமென்றும் தம் ஏரிகளுக்கு நீர் தரும் காடென்றும் கூறி ஊரார் நெடுநாள் எதிர்த்தனர். அவர்தம் எதிர்ப்பு வெல்லவில்லை. ஆயினும் ஏரிக்கு மேலுள்ள காடு ஏரியின் பகுதியே என்னும் அவர்தம் கூற்று, எந்த இஞ்சினீயரும் மறுக்கவொண்ணாத உண்மை. அவ்வூர் ஏரியையும் அருகிலுள்ள கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, ஏறத்தாழ 1,500 ஏக்கர்ப் பரப்பில், 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் 2020 நவம்பரிற் சென்னைக் குடிநீர்க்கெனத் திறக்கப்பெற்றது. பூண்டிக்குப்பின் 76 ஆண்டுகள் கழித்து நகரத்திற்கெனப் புதிதாக எழுந்த நீர்த்தேக்கம் இது. இதுவும் இரண்டு ஊரேரிகளின் மேலே எழுந்ததே.

தொழிற்சாலைகளுக்கு நன்னீரே வேண்டுமென்பதில்லை. மணலியிலுள்ள எண்ணெய், உரத் தொழிற்சாலைகள் 1990-களிலேயே நகரத்துக் கழிவுநீரைத் தூய்மை செய்து தம் வேலைக்குக் கொண்டன. 2019-இற் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கேற்ற நீராக்கும் நிலையங்கள் அமைந்தன. எத்துணை லிட்டர் இவ்வாறு ஆலைகளுக்குச் செல்கின்றதோ, அத்துணை லிட்டர் ஏரியிலோ மணலிலோ எஞ்சும். நகரத்தார் செய்த காரியங்களுள் எம் மனத்திற்கு உவப்பானது இதுவே. 2003-இல் வீடுதோறும் மழைநீர்த் தொட்டி அமைக்க வேண்டுமெனச் சட்டமியற்றியதும் நன்றே. அத்தொட்டிகளிற் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன.

நம் சங்கம் சித்திரையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது பாராட்டத்தக்கதே. அதனொடு அமைதல் போதாது என்பது எம் கருத்து. ஆயிரம் சதுர அடி மாடியொன்றிற் சென்னையின் ஆண்டு மழையாகிய ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரும் விழுமாயின், 1,30,000 லிட்டர் நீராகும். சங்கத்துக் கலியாண மண்டபத்தின் மாடியும் மாணவர் விடுதியின் மாடியும் இதனிற் பன்மடங்கு பெரியன. அவற்றின் குழாய்களும் தொட்டிகளும் புரட்டாசிக்குள் தூய்மை செய்யப்படல் வேண்டும். ஊரிலுள்ள அன்பர்களோ, 2017 மார்ச்சில் அரசினர் மணிமங்கலத்தில் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தை அறிந்திருப்பர். அரசினர் கரையைக் கட்டித் தருவர். கால்வாயில் மறுபடியும் குப்பை விழாது பார்ப்பவர் ஊராரே ஆதல் வேண்டும்.

இது நிற்க. அன்பர்கள் தத்தம் சொந்த ஊர் ஏரியைப் பற்றி ஒரு தாளில் எழுதி யனுப்பினால், ஊர்வாரியாக இவ்விதழில் வெளியிடக் கருதியுள்ளோம். ஏரியின் பெயர், மதகு எத்தனை, கலங்கல் எத்திசையது, நீர் எவ்வூரினின்று வந்து எவ்வூருக்குச் செல்வது, வரத்துக்கால் இப்பொழுது திறந்துள்ளதா, அடைபட்டுள்ளதா, கடைசியாகத் தூர் வாரியது எவ்வாண்டு, முன்னாளில் நீர்க்கட்டியாயிருந்த குடும்பத்தார் இன்று என் செய்கின்றனர் என்பவற்றை முதியோரைக் கேட்டு எழுதுக. ஏரியிருந்த இடத்தில் இப்பொழுது வீடுகளிருப்பின், அவ்வீடுகளுள் நம்மவர் வீடும் உளதாயின், அதனையும் மறையாது எழுதுக.